சமைத்தலும் பார்த்தலும்

ரசனை என்ற வார்த்தை நாக்கிலிருந்து வந்தது. ரஸம் என்றால் என்ன என்று நாட்டிய சாஸ்திரத்தில் விளக்க வந்த பரதர், பல பண்டங்களும் கூட்டிச் சமைத்த சோற்றை உண்பவனைத்தான் உதாரணமாகக் காட்டினார். தமிழிலும் நிலைமை அதுதான். கவிதையைச் சுவைக்கிறோம். உப்புச் சப்பில்லாத நாவல் என்கிறோம். ஊசிப்போன உவமை என்கிறோம். விமர்சனத்தின் பாஷையில் பாதி சமையலறையிலிருந்து கடன் வாங்கியது. கடன் கொடுத்த இடத்தைப் பற்றி மட்டும் விமர்சகர்கள் வாய் திறப்பதில்லை.

டெலிவிஷனில் வரும் சமையல் நிகழ்ச்சிகளில் பார்க்கத் தகுந்தது ஏதாவது உண்டா என்று கேட்டால், இந்தப் பக்கங்களை வாசிக்கிற நண்பர்கள் அநேகமாக ‘இல்லை’ என்றே சொல்வார்கள். சௌகரியமான பதில். பார்க்காமலே சொல்லிவிடலாம். ஆனால் இந்த நிகழ்ச்சிகள் வீட்டுக்கு வீடு ஓடிக்கொண்டிருக்கின்றன. முழுசாக நிராகரிப்பது தரம் பிரிக்கும் வேலையிலிருந்து தப்பிப்பதற்கான வழி மட்டுமே. க.நா.சு. பட்டியல் போடுகிறார் என்று கேலி செய்தார்கள். பட்டியல் போடுகிறவன் குறைந்தபட்சம் எல்லாவற்றையும் படித்துப் பார்த்தாக வேண்டியிருந்தது. அந்தச் சிரமத்தைத்தான் இங்கு கொஞ்சம் மேற்கொள்கிறேன்.

முதலில் அடிப்படையான ஒரு விஷயம். டெலிவிஷனுக்கு நாக்கும் இல்லை, மூக்கும் இல்லை. ஒரு பண்டத்தின் சுவையையும் வாசனையையும் அது ஒருபோதும் நமக்குத் தர முடியாது. இந்த ஊனத்தை மறைப்பதற்காகப் பெரும்பாலான நிகழ்ச்சிகள் ஒரு பிரதிநிதியை நியமிக்கின்றன. அவர் ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி, தலையை ஆட்டி, ‘ஆஹா’ என்பார். நமக்காக அவர் ருசிக்கிறார். மேடையில் யாரோ அழ, நாம் கண்ணைத் துடைத்துக்கொள்கிற மாதிரியான ஏற்பாடு. இந்த ‘ஆஹா’வில் ஒருநாளும் வித்தியாசம் இருந்ததில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வத்தக்குழம்புக்கும் அதே ஆஹா, கேக்குக்கும் அதே ஆஹா. எந்த நிகழ்ச்சி இந்தக் கண்மூடலைத் தன் உச்ச கட்டமாக வைத்துக்கொள்கிறதோ அதைத் தயங்காமல் ஒதுக்கிவிடலாம். பாதிக்கு மேல் குப்பை இப்படியே கழிந்துவிடும்.

சுவையைத் தர முடியாது என்றால் டெலிவிஷன் எதைத் தர முடியும்? கண்ணுக்கும் காதுக்கும் எட்டுவதை. கை செய்கிற வேலையை. அந்த வேலைக்குப் பிடிக்கிற நேரத்தை. எண்ணெயில் கடுகு வெடிக்கிற சத்தத்தை. வேலையும் நேரமும் சமையலில் ஸ்தூலமானவை. காமிராவுக்கு அகப்படக் கூடியவை. ஆனால் எடிட்டிங்கில் முதலில் வெட்டி எறியப்படுவதும் இவைதான். நறுக்கின வெங்காயம் கிண்ணத்தில் தயாராக இருக்கிறது. ஊறின பருப்பு தயாராக இருக்கிறது. பத்து நிமிஷம் வதக்க வேண்டியது இரண்டு வினாடியில் பொன்னிறமாகிவிடுகிறது. மிஞ்சுவது வர்ணம். சமையல் நிகழ்ச்சி என்ற பெயரில் நாம் பார்த்துக்கொண்டிருப்பது பெரும்பாலும் சமையலின் இல்லாமையைத்தான்.

எஸ். மீனாட்சி அம்மாள் 1951இல் வெளியிட்ட புத்தகத்தின் தலைப்பு ‘சமைத்துப் பார்’. தமிழின் துணை வினை செய்கிற ஜாலம் அதில் இருக்கிறது. ‘பார்’ என்றால் முயற்சி செய் என்று அர்த்தம். கண்ணால் பார் என்பது அதற்குள் ஒளிந்திருக்கிறது. சமைத்தால்தான் பார்க்க முடியும் என்பது புத்தகத்தின் நிபந்தனை. டெலிவிஷன் வந்து இந்த இரண்டு வினைகளையும் பிரித்துவிட்டது. முதலாவது கழன்று விழுந்தது. இரண்டாவது மட்டும் நம்மிடம் தங்கிவிட்டது. சமைக்காமலே பார்க்கலாம், பார்த்துக்கொண்டே ஓட்டலிலிருந்து வரவழைத்துச் சாப்பிடலாம். எனவே ஒரு சமையல் நிகழ்ச்சியை மதிப்பிடும்போது நான் கேட்கிற கேள்வி இது: பிரிந்துபோன இந்த இரண்டு வினைகளையும் மறுபடி ஒட்டவைக்க அது ஏதாவது செய்கிறதா? 

செய்த ஒருவர் ஜூலியா சைல்ட். அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தின் பொதுத் தொலைக்காட்சி நிலையத்தில் 1963இல் தொடங்கிய ‘தி ஃப்ரெஞ்ச் செஃப்’ பத்து வருஷம் நடந்தது. ஆறடிக்கு மேல் உயரம், வயது ஐம்பது, கீச்சுக் குரல். டெலிவிஷனுக்கு வேண்டாதவை எல்லாம் அவரிடம் இருந்தன. இரண்டாம் உலக யுத்தத்தின்போது இலங்கையில், கண்டியில், அமெரிக்க உளவு அமைப்பின் அலுவலகத்தில் கோப்புகளைப் பராமரித்தவர். சமையல் அப்போது தெரியாது. பாரிஸுக்குப் போய் முப்பத்தாறு வயதுக்கு மேல்தான் கற்றுக்கொண்டார். பிறவி மேதை என்ற பாவனைக்கு அங்கே இடமில்லாமல் போனது இதனால்தான். தாமதமாகக் கற்றுக்கொண்டவர்களுக்குத்தான் எந்த இடத்தில் கை தடுமாறும் என்று ஞாபகம் இருக்கும்.

அரை மணி நேர நிகழ்ச்சி கிட்டத்தட்ட நிறுத்தாமல் ஒரே மூச்சில் பதிவு செய்யப்பட்டது. அதில் உருளைக்கிழங்கு பற்றிய ஒரு பகுதி பிரசித்தம். வாணலியில் இருக்கிற உருளைக்கிழங்கு அடையைத் தூக்கிப்போட்டுத் திருப்புகிறார். பாதி அடுப்பு மேடையில் விழுகிறது. பொறுக்கி வாணலியில் வைத்து அழுத்திவிட்டு, தைரியமாகத் திருப்பாததுதான் தப்பு, சமையலறையில் தனியாக இருக்கும்போது யார் பார்க்கப்போகிறார்கள் என்கிற அர்த்தத்தில் ஏதோ சொல்கிறார். பிற்பாடு ஜனங்களின் ஞாபகத்தில் இந்த அடை முழுக் கோழியாகவும் வான்கோழியாகவும் தரையில் விழ ஆரம்பித்தது. அப்படி எதுவும் விழவில்லை. ஆனால் அந்தக் கட்டுக்கதை ஒன்றைச் சொல்கிறது: பார்த்தவர்கள் நினைவில் வைத்துக்கொண்டது சமையல் குறிப்பை அல்ல, விழுந்ததை. விழுந்தது வெட்டப்படாததால் அதற்கு முன்னும் பின்னும் நடந்த எல்லாமே நம்பத் தகுந்ததாக ஆகிவிட்டது. வங்கியில் பழைய காஷியர் நோட்டு எண்ணுவதைப் பார்த்திருக்கிறேன். இடையில் ஒரு நோட்டு ஒட்டிக்கொள்ளும், விரல் நிற்கும், ஈரம் தொட்டுக்கொண்டு மறுபடி போகும். அந்த நிறுத்தத்தில்தான் கை எண்ணுகிறது என்று தெரிகிறது. மெஷின் எண்ணும்போது பார்க்க ஒன்றுமில்லை.

ஜூலியா சைல்டும் முன்கூட்டியே சமைத்த பண்டங்களை அடுத்தடுத்த நிலைகளில் வைத்திருந்தார். அரை மணியில் வேகாத மாட்டிறைச்சியை வேறெப்படிக் காட்டுவது? ஆனால் நேரத்தைத் தாண்டும்போது தாண்டுகிறேன் என்று சொல்லிவிட்டுத் தாண்டினார். நேர்மை என்பது இவ்வளவுதான். இந்த வரிசையில் பி.பி.சி.யில் 1985இல் மீன் சமையலோடு வந்த கீத் ஃப்ளாய்டையும் சேர்க்கலாம். கையில் ஒயின் கிளாஸோடு, காமிராக்காரரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, என் மூஞ்சியை விட்டுவிட்டுச் சட்டியைக் காட்டு என்று அதட்டினார். காமிரா ஒன்று அங்கே இருக்கிறது என்பதை ஒப்புக்கொண்டதே அந்தக் காலத்தில் ஒரு புதுமை.

சமையலைப் போட்டியாக்கினவர்களைப் பற்றி. ஜப்பானின் ஃபூஜி தொலைக்காட்சியில் 1993 முதல் 1999 வரை நடந்த ‘இரும்புச் சமையல்காரர்’ நிகழ்ச்சியை இந்த வகைக்கு ஆதி என்று சொல்ல வேண்டும். பகட்டுச் சட்டை போட்ட ஒரு பிரபு. அவர் மாளிகையில் ஒரு சமையல் அரங்கம். திரை விலகி அன்றைய மூலப்பொருள் வெளிப்படும். ஒரு மணி நேரம். பிரபு மஞ்சள் குடமிளகாயைக் கடித்துவிட்டுச் சிரிப்பார். இது கூத்து. தன்னைக் கூத்து என்று மறைக்காத கூத்து. கட்டியங்காரன் வேலையைச் செய்ய ஒரு வர்ணனையாளர் வேறு. ஆனால் இந்த ஆடம்பரத்துக்கு நடுவில் கடிகாரம் நிஜமாக ஓடியது. ஒரு மணி நேரத்தில் ஒரு தேர்ந்த கை எதைச் செய்யும், எதைக் கைவிடும் என்று கண்ணெதிரே தெரிந்தது. உயிரோடிருக்கும் விலாங்கை ஒருவர் பலகையில் ஆணி அடித்துப் பிளக்கிற வேகம் ஜோடனை அல்ல.

இதன் வாரிசுகள் ஜோடனையை வைத்துக்கொண்டு கடிகாரத்தைத் தள்ளிவிட்டன. பிரிட்டனில் 1990இல் பிறந்து, ஆஸ்திரேலியாவில் 2009இல் புது உருவம் எடுத்த ‘மாஸ்டர்செஃப்’ வகையறாவில் கடைசி ஐந்து நிமிஷங்கள் பதினைந்து நிமிஷம் நீடிக்கும். தீர்ப்பு சொல்வதற்கு முன் நடுவர் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்வார், முரசு அடிக்கும், விளம்பரம் வரும். பாட்டியை நினைத்து ஒருவர் அழுவார். அழுகை பொய் என்று நான் சொல்லவில்லை. பாட்டியின் சமையலில் என்ன இருந்தது என்று காட்டத் தெரியாததால் கண்ணீரைக் காட்டுகிறார்கள் என்கிறேன். நமது விஜய் டி.வி.யில் 2019 முதல் வரும் ‘குக்கு வித் கோமாளி’யைத் திட்டுவது சுலபம். ஆனால் அது பெயரிலேயே கோமாளியை வைத்துக்கொண்டிருக்கிறது. சமையலை ஒரு சாக்கு என்று ஒப்புக்கொண்ட நிகழ்ச்சியைச் சமையல் இல்லை என்று குறை சொல்வது அர்த்தமற்றது. பாசாங்கு செய்கிற மற்றவற்றைவிட இது மேல்.

போட்டிக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் பூஜை நடக்கிறது. டேவிட் கெல்ப் 2011இல் எடுத்த ஆவணப்படம், டோக்கியோவில் பத்தே இருக்கைகள் கொண்ட சூஷிக் கடை நடத்தும் ஜிரோ ஓனோ என்ற கிழவரைப் பற்றியது. அந்தப் படத்தில் என்னைத் தொட்டது ஜிரோ அல்ல. அவருடைய சிஷ்யர்களில் ஒருவர். வருஷக்கணக்கில் மற்ற வேலைகள் செய்தபின் முட்டை அடை செய்ய அனுமதி கிடைக்கிறது. செய்கிறார், நிராகரிக்கப்படுகிறது. மறுபடி செய்கிறார். இருநூறு தடவைக்கு மேல். ஒருநாள் சரி என்று சொல்லப்பட்டபோது அழுதுவிட்டதாகச் சொல்கிறார். மாஸ்டர்செஃப் அழுகைக்கும் இதற்கும் உள்ள தூரம்தான் கலைக்கும் சந்தைக்கும் உள்ள தூரம். இந்த அழுகைக்குப் பின்னால் இருநூறு அடைகள் இருக்கின்றன.

அதே கெல்ப் 2015இல் நெட்ஃப்ளிக்ஸுக்காக ஆரம்பித்த ‘செஃப்ஸ் டேபிள்’ சூத்திரமாகிவிட்டது. பால்ய வறுமை அல்லது பால்ய சொர்க்கம், தகப்பனோடு தகராறு, தோல்வி, ஞானோதயம், விவால்டியின் வயலின், தட்டில் சொட்டும் ஒரு துளி மெதுவாக, மிக மெதுவாக. மெதுவாகக் காட்டுவதும் நேரத்தைக் காட்டுவதும் ஒன்றல்ல. ஸ்லோ மோஷன் நேரத்தை அலங்காரம் செய்கிறது. வேலை செய்கிறவனின் நேரம் அதில் இல்லை. பழைய ஸ்தல புராணங்களுக்கும் இவற்றுக்கும் வித்தியாசம் குறைவு. ஆனால் இதிலும் ஒரு விதிவிலக்கு: 2017இல் வந்த, தென் கொரியாவின் பெக்யாங் மடத்தைச் சேர்ந்த ஜியோங் குவான் என்ற பிக்ஷுணியைப் பற்றிய பகுதி. அவருக்கு ஓட்டல் இல்லை. வாடிக்கையாளர் இல்லை, ஜெயிக்க வேண்டியது ஒன்றுமில்லை. பூண்டும் வெங்காயமும் சேர்ப்பதில்லை. முற்றத்தில் ஜாடிகளில் சோயாபீன்ஸ் வருஷக்கணக்கில் புளித்துக்கொண்டிருக்கிறது. சூத்திரத்துக்குத் தேவையான தோல்வியும் வெற்றியும் கிடைக்காததால் காமிரா வேறு வழியில்லாமல் ஜாடியையும் கையையும் பார்க்கிறது. ஒரு நிகழ்ச்சி தன் சூத்திரம் பலிக்காத இடத்தில் கலையாகிவிடுவது யோசிக்க வேண்டிய விஷயம்.

சமைப்பவரை விட்டுச் சாப்பிடுபவருக்கு வரலாம். ஊர் ஊராகப் போய்ச் சாப்பிடுகிற நிகழ்ச்சிகள் பெருகிக் கிடக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை சுற்றுலா இலாகாவின் விளம்பரங்கள். ஆண்டனி போர்டேன் 2018இல் இறக்கும்வரை பதினைந்து வருஷத்துக்கு மேல் இதைச் செய்தார். ஒபாமாவோடு ஹனோயில் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து சாப்பிட்டதை எல்லோரும் சொல்வார்கள். நான் சொல்ல விரும்புவது 2006இல் பெய்ரூட்டில் நடந்தது. படப்பிடிப்பு தொடங்கின சில நாட்களிலேயே இஸ்ரேலுக்கும் ஹெஸ்பொல்லாவுக்கும் யுத்தம் மூண்டுவிட்டது. விமான நிலையம் குண்டு வீசித் தகர்க்கப்பட்டது. குழு ஓட்டலில் அடைந்து கிடந்தது. கடைசியில் அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஏற்றிக்கொண்டு போனது. ஒளிபரப்பான பகுதியில் சாப்பாடு கொஞ்சம்தான். மீதி நேரம் ஓட்டல் நீச்சல் குளத்தருகே உட்கார்ந்து தூரத்துப் புகையைப் பார்க்கிறார்கள். உபசரித்தவர்களை விட்டுவிட்டுப் போகிறோம் என்ற வெட்கம் அவர் முகத்தில் தெரிகிறது. விருந்தாளி என்பவன் எந்தச் சமயத்திலும் கிளம்பிவிடக் கூடியவன் என்ற உண்மையை உணவு நிகழ்ச்சி எதுவும் அதற்கு முன் இவ்வளவு பச்சையாகக் காட்டியதாக எனக்குத் தெரியவில்லை. 

இதற்கு மறுகோடியில் இருக்கிறது டோக்கியோவில் 2012இல் ஆரம்பித்த ‘தனிமைச் சாப்பாட்டுக்காரன்’. சாமான்கள் வரவழைத்து விற்கும் நடுத்தர வயது ஆசாமி. வேலையாக ஏதோ பேட்டைக்குப் போகிறான். பசிக்கிறது. தெருவில் இருக்கிற சாதாரணக் கடையில் நுழைந்து தனியாகச் சாப்பிடுகிறான். அவ்வளவுதான் கதை. குடிப்பதில்லை, பேச்சுத் துணை இல்லை, மனசுக்குள் பேசிக்கொள்கிறான். அந்த ‘ஆஹா’வை அவன் யாருக்காகவும் சொல்வதில்லை என்பதால் அது உண்மையாக ஒலிக்கிறது. மத்தியானம் அரை மணி நேரத்துக்கு மட்டும் தன் வயிற்றுக்கு எஜமானனாக இருக்கிற குமாஸ்தாக்களின் காவியம் என்று இதைச் சொல்லத் தோன்றுகிறது.

சீன அரசுத் தொலைக்காட்சி 2012இல் ஒளிபரப்பிய ‘நாக்கின் நுனியில் சீனா’ ஏழு பகுதிகள். தேசப் பெருமையின் இனிப்பு கொஞ்சம் தூக்கல். ஆனால் முதல் பகுதியிலேயே இடுப்பளவு சேற்றில் நின்று தாமரைக் கிழங்கை உடையாமல் தோண்டி எடுக்கிறார்கள். காட்டில் விடியுமுன் காளான் தேடுகிறார்கள். தட்டுக்கு வருவதற்கு முன் உணவு யாருடைய முதுகு என்று அது காட்டியது. நம் நிகழ்ச்சிகளில் காய்கறி பிளாஸ்டிக் கூடையில் பிறக்கிறது.

நம்மிடத்திலும் ஒன்று இருக்கிறது. புதுக்கோட்டை மாவட்டத்துச் சின்ன வீரமங்கலத்தில் 2018இல் ஒரு தாத்தாவும் அவர் பேரன்களும் ஆரம்பித்த ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’. யூடியூபில் வந்தாலும் வீட்டு டி.வி.யில்தான் பலர் பார்க்கிறார்கள். வயல்வெளி, அம்மி, பெரிய அண்டா, விறகு. பின்னணி இசைக்குப் பதில் அரைபடுகிற சத்தம், கொதிக்கிற சத்தம். சமைத்ததைக் கடைசியில் முதியோர் இல்லத்துக்கும் மற்றவர்களுக்கும் போடுகிறார்கள். நான் சொன்ன வேலை, நேரம், ஓசை மூன்றும் ஸ்டூடியோ சமையலைவிட இதில் அதிகம். நேர்த்தியான காரியம். ஆனாலும் பார்த்துக்கொண்டே வரும்போது ஒரு கேள்வி எழுகிறது. இதில் ஏன் எல்லோரும் ஆண்கள்?

அந்தக் கிராமத்து உறவினர்கள் மேல் பழி போடுவதற்காக இதைக் கேட்கவில்லை. இரும்புச் சமையல்காரர்கள் ஆண்கள். ஜிரோவின் கடையில் ஆண்கள். போர்டேனின் உலகத்தில் அடுப்படிப் பெண் ‘அம்மா’வாக ஒரு நிமிஷம் வந்து சிரித்துவிட்டுப் போகிறாள். சமையல் இரண்டு ஜாதியாகப் பிரிந்து கிடக்கிறது. ஒன்று விருந்து, மற்றது அன்றாடம். விருந்து ஒருநாள் நடக்கும். ஊர் கூடும், பெயர் கிடைக்கும், ஆணுடையது. அன்றாடம் தினமும் மூன்று வேளை. யாரும் பார்ப்பதில்லை, ஒருநாள் உப்பு கூடினால் மட்டும் எல்லோரும் கவனிப்பார்கள். டெலிவிஷன் இந்தப் பிரிவினையை அப்படியே சுவீகரித்துக்கொண்டது. விருந்துக்கு ராத்திரி நேரமும் நாடகமும் இசையும். அன்றாடத்துக்கு மத்தியான நேரமும் குறிப்பும். வேலைக்காரர் இல்லாத வீட்டுக்காரிக்காகப் புத்தகம் எழுதின ஜூலியா சைல்ட் ஒருவர்தான் அன்றாடத்தின் அடுப்பில் விருந்தை ஏற்றிவைத்துச் சுவரைக் கொஞ்சம் அசைத்தார்.

டெலிவிஷன் செய்யாததைச் சினிமா இரண்டு தடவை செய்திருக்கிறது. பெல்ஜியத்தின் ஷாந்தால் அகெர்மான் 1975இல் எடுத்த ‘ழான் தில்மான்’ மூன்றேகால் மணிக்கும் மேல் ஓடுகிற படம். ஒரு விதவையின் மூன்று நாட்கள். அசையாத காமிராவின் முன் அவள் இறைச்சியை மாவில் புரட்டுகிறாள், உருளைக்கிழங்கு தோல் சீவுகிறாள், பாத்திரம் கழுவுகிறாள். இரண்டாம் நாள் உருளைக்கிழங்கு குழைந்துபோகிறது. பானையைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே கொட்டுவது என்று தெரியாமல் அறைக்கு அறை போகிறாள். படத்தின் முதல் பெரிய விபத்து இதுதான். உலகத்தின் எந்த மாஸ்டர்செஃப் இறுதிச் சுற்றிலும் இவ்வளவு பயங்கரம் இல்லை. ஜியோ பேபி 2021இல் எடுத்த மலையாளப் படம் ‘தி கிரேட் இந்தியன் கிச்சன்’ இன்னும் தந்திரமானது. ஆரம்பத்தில் அது யூடியூப் சமையல் மாதிரியே அழகாக இருக்கிறது: ஆவி பறக்கிறது, வாழைக்காய் பொரிகிறது. அழகு தீர்ந்ததும் காமிரா நகரவில்லை. மேஜையில் துப்பி வைத்த முருங்கைச் சக்கை, தொட்டிக்கடியில் ஒழுகுகிற அழுக்குத் தண்ணீர், அதைத் துடைக்கிற சாக்கு. மறுநாளும் அதே ஒழுகல். சமையல் நிகழ்ச்சிகள் எந்த இடத்தில் ‘நன்றி, வணக்கம்’ சொல்லுமோ அந்த இடத்திலிருந்து இந்தப் படம் தொடங்குகிறது. 

இதையெல்லாம் பார்த்தபின் சமையல் நிகழ்ச்சியைப் பொழுதுபோக்கு என்று விட்டுவிட முடியவில்லை. கூடத்தில் ஐந்து பேர் உட்கார்ந்து சமையலைப் பார்த்துக்கொண்டிருக்க, உள்ளே ஒருத்தி சமைத்துக்கொண்டிருக்கிறாள் என்பது நம் வீடுகளில் அன்றாடக் காட்சி. கூடத்துச் சமையலுக்குக் கைதட்டல். உள்ளே நடப்பதற்கு ‘இன்னும் ஆகலையா?’ என்ற குரல். பார்க்கிற பழக்கம் பார்வையைக் கூர்மையாக்கவில்லை என்றால் அதனால் என்ன பிரயோஜனம்? நல்ல கவிதை ஒன்றைப் படித்தவன் மறுநாள் தெருவை வேறு மாதிரி பார்க்கிறான் என்று சொல்லிக்கொள்கிறோம். நல்ல சமையல் நிகழ்ச்சியைப் பார்த்தவன் தன் வீட்டு அடுப்படியை வேறு மாதிரி பார்க்க வேண்டும். எழுந்து போய் வெங்காயம் உரித்தால் இன்னும் விசேஷம்.

க.நா.சு.வின் பழிக்கு ஆளாகி என் பட்டியலையும் கொடுத்துவிடுகிறேன்: ஜூலியா சைல்டின் உருளைக்கிழங்கு, இரும்புச் சமையல்காரர்களில் எது கிடைத்தாலும், ஜிரோவின் சிஷ்யர், ஜியோங் குவானின் ஜாடிகள், போர்டேனின் பெய்ரூட், தனிமைச் சாப்பாட்டுக்காரனில் ஐந்தாறு பகுதிகள், சீனத்துத் தாமரைக் கிழங்கு, சின்ன வீரமங்கலம். மலைபோல் குவிந்து கிடப்பதிலிருந்து இவ்வளவுதானா என்றால், நாவல்களிலும் கணக்கு ஏறக்குறைய இப்படித்தான் வருகிறது.

இன்னும் வராத ஒன்றும் இருக்கிறது. ஒரு பெண், ஒரு சமையலறை, ஒரே சாம்பார், முப்பது நாள். குறிப்பு வேண்டாம், நடுவர் வேண்டாம், வயலின் வேண்டாம். ஒருநாள் பருப்பு வேகாது. ஒருநாள் காஸ் தீர்ந்துபோகும். ஒருநாள் அவளுக்கு ஜுரம். முப்பதாம் நாள் சாம்பாரில் என்ன வித்தியாசம் என்று நாக்கில்லாத அந்தப் பெட்டி நமக்குச் சொல்லிவிடும். எந்தச் சானலும் இதற்கு விளம்பரம் பிடிக்க முடியாது என்று தெரியும். அதுவரைக்கும், நிகழ்ச்சி முடிந்து பெயர்கள் ஓடும்போது அதில் பாத்திரம் கழுவினவர் பெயர் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.